பாறையில் கை வைக்கும் முன்: வாசகர் கேள்வி – பதில்

பாலக்காட்டுக் கணவாயின் ஓரத்துக் குன்றுகளில் கயிறு கட்டி ஏறுகிற இளைஞர்களும், அவர்களை அனுப்பிவிட்டு வீட்டில் காத்திருக்கிற பெற்றோரும் இந்த மாதம் நிறையக் கேட்டிருந்தீர்கள். பெரும்பாலான கடிதங்களில் இருந்த கவலை ஒன்றுதான்: 'இன்றைக்கு ஏறலாமா, வேண்டாமா?' எழுதியவர்களின் ஊர்ப் பெயரை மட்டும் கொடுத்திருக்கிறோம்.

மொபைலில் மூன்று நாளாக மழை இல்லை என்றுதான் காட்டியது. வெயிலும் அடித்தது. ஆனால் பாறைக்குப் போனால் பாதி வழிக்கு மேல் ஈரம். பெய்யாத மழையில் பாறை எப்படி நனைந்தது?
*– கொழிஞ்சாம்பாறை*

அது முந்தைய வாரத்து மழை. நம் பகுதிப் பாறை நைஸ் (gneiss), சார்னோக்கைட் என்கிற கெட்டிப் பாறை வகை. இவை தண்ணீரை உறிஞ்சுவதில்லை. மேலே விழுந்த மழை வழிந்துவிடும், மேற்பரப்பு சீக்கிரம் காய்ந்துவிடும். ஆனால் பாறையின் தலையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். உச்சியில் ஓரடி மண்ணும் புல்லும் நாலைந்து மரமும் இருந்தால், அது மழையைப் பஞ்சுபோலக் குடித்து வைத்துக்கொண்டு, வெடிப்புகள் வழியே நாள்கணக்கில் கசியவிடும். வானம் வெளுத்துக் கிடக்கும்போதே பாறையில் தண்ணீர் இறங்குவது இதனால்தான். நெல்லியாம்பதி மலைச்சுவரைக் கொல்லங்கோட்டிலிருந்து பார்த்திருப்பீர்கள். ஊருக்குள் மழை விட்ட பிறகும் சீதார்குண்டு அருவி வெள்ளையாகத் தொங்கிக்கொண்டிருக்கும். உங்கள் பாறையிலும் சிறிய அளவில் அதுவே நடக்கிறது.

கசிவு எங்கே வரும் என்பதைப் பாறை முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறது. மேலிருந்து கீழே கறுப்புப் பட்டைகள் ஓடினால் அது பாசி. காய்ந்திருக்கும்போது சொரசொரப்பாகவே இருக்கும், ஏறலாம். நனைந்தால் சவர்க்காரம். ஷூவின் ரப்பர் அதில் நிற்காது. வெடிப்பின் வாயில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால், அங்கே தண்ணீர் வந்து காய்ந்திருக்கிறது. அடுத்த மழைக்கும் அங்கேதான் வரும். சுவர் முழுக்கக் காய்ந்திருக்க ஒரு மூலையில் மட்டும் பெரணியும் பச்சைப் புல்லும் இருந்தால், அந்த மூலை கடைசியாகத்தான் காயும்.

ஆகவே வானிலையைப் பார்க்கும்போது நாளைய மழையோடு கடந்த ஒரு வாரத்து மழையளவையும் பாருங்கள். 10 மி.மீ. தூறல் வேறு, ஒரே இரவில் 70 மி.மீ. கொட்டியது வேறு. பாறைக்குப் போனதும் டிஷ்யூ பேப்பரை மடித்து வெடிப்புக்குள் இரண்டு விரல் ஆழத்துக்கு அழுத்தி, பத்து வரை எண்ணி எடுங்கள். ஓரம் ஈரப்பட்டால் அன்று அந்த வழி வேண்டாம். கீழே காய்ந்திருக்கிறது என்று ஏறிவிட்டு, 12 மீட்டர் உயரத்தில் ஈரப் பட்டையைச் சந்திப்பதுதான் வழக்கமான விபத்து. அங்கிருந்து மேலேயும் போக முடியாது, கால் நடுங்காமல் இறங்கவும் முடியாது.

மழை விட்டு எத்தனை மணி நேரம் கழித்து ஏறலாமுங்க? ஒரு கணக்குச் சொல்லுங்களேன்.
*– சித்தூர்*

எல்லாப் பாறைக்கும் பொருந்துகிற கணக்கு இல்லை. தோராயமாகச் சொல்கிறோம். வெயில் படுகிற, காற்றடிக்கிற, மரநிழல் இல்லாத சாய்ந்த பாறை, சின்ன மழைக்குப் பிறகு ஒன்றிரண்டு மணி நேரத்தில் காயும். செங்குத்துச் சுவரின் மூலைகளும் வெடிப்புகளும் ஒரு நாள் எடுக்கும். நிழலில், மரத்துக்குப் பின்னால் இருக்கும் சுவருக்கு இரண்டு நாள். உச்சியில் மண்போர்வை உள்ள சுவருக்குப் பெருமழைக்குப் பிறகு நான்கைந்து நாள் கூடப் போதாது. இடவப்பாதி (தென்மேற்குப் பருவமழை) நடுவில் சில சுவர்கள் ஆனி தொடங்கி ஆவணி வரை காய்வதே இல்லை.

முன்னால் துருத்திக்கொண்டிருக்கும் ஓவர்ஹேங் பாறை மழையிலும் நனையாது என்று நம்பிப் போகிறவர்கள் உண்டு. முதல் நாள் அது சரி. இரண்டாம் நாள் கூரையின் விளிம்பைச் சுற்றித் தண்ணீர் உள்பக்கமாக ஊர்ந்து வந்து, நீங்கள் பிடிக்க வேண்டிய பிடிகளிலேயே சொட்டும். வெளியே காய்ந்து உள்ளே ஈரமாக இருப்பது, வெளியே ஈரமாக இருப்பதைவிட மோசம், கண்ணுக்குத் தெரியாது.

எங்கள் கல்லூரிக் குழுவில் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் நேரம். எந்த மாதம், எந்த நேரம், எந்தத் திசை பார்த்த பாறை நல்லது?
*– பொள்ளாச்சி*

துலா மழை (வடகிழக்குப் பருவமழை) ஓய்ந்த கார்த்திகைக் கடைசியிலிருந்து மாசி வரைதான் நம் பக்கத்துக்குக் காலம். பங்குனி, சித்திரையில் பாலக்காட்டில் வெயில் 40 டிகிரியைத் தொடுகிறது. காற்றே அவ்வளவு சுட்டால், வெயிலில் கிடக்கும் கறுத்த பாறை அதைவிட 15, 20 டிகிரி கூடுதலாகச் சுடும். விரல் வேர்க்கும், பிடி நழுவும், ஷூவின் ரப்பர் இளகிச் சின்னப் படிகளில் உருளும். பத்து மணிக்கு மேல் ஏறினால் பயிற்சி நடக்காது, தோல்தான் உரியும்.

திசை விஷயத்தில் எல்லோரும் ஒரு தவறு செய்கிறார்கள். 'வடக்குப் பார்த்த சுவர் எப்போதும் நிழல்' என்று வெளிநாட்டுக் குறிப்புகளில் படித்திருப்பீர்கள். அது நமக்குப் பாதி வருடம்தான் சரி. நாம் இருப்பது ஏறக்குறைய 10.7 டிகிரி வடக்கில். மார்கழியில் நடுப்பகல் சூரியன் உச்சியிலிருந்து 34 டிகிரி தெற்கே நிற்கிறது. அப்போது வடக்குச் சுவரில் நாள் முழுக்க நிழல்தான். ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வந்து வடக்கே தாண்டிவிடும், ஆகஸ்ட் கடைசி வாரத்தில்தான் திரும்பும். இடைப்பட்ட நான்கு மாதமும் வடக்குச் சுவரில்தான் வெயில். தை மாதம் குளுகுளுவென்று ஏறிய சுவரை நம்பி மே மாதம் போய் வெந்து வந்தவர்கள் இதைக் கவனிக்கவில்லை.

கிழக்குச் சுவரில் நடுப்பகலுக்குப் பிறகு நிழல். மேற்குச் சுவரில் காலையில் நிழல். கோடையில் மேற்குச் சுவரைக் காலை ஆறரைக்குத் தொடங்கி ஒன்பதரைக்கு முடித்துக்கொள்ளுங்கள். மாலை நிழலை நம்பிக் கிழக்குச் சுவருக்குப் போனால் சித்திரையிலும் ஐப்பசியிலும் இடி மழை குறுக்கே வரும். அதுபற்றி அடுத்த பதில்.

என் மகள் கல்லூரியில் சேர்ந்து பாறையேறப் பழகுகிறாள். சாயங்காலம் இடி இடிக்கும்போதெல்லாம் எனக்கு உயிரே போகிறது. 'பாறைக்கு அடியில் குகை மாதிரி இடம் இருக்கும்மா, அங்கே ஒதுங்கிக்குவோம்' என்கிறாள். அது பாதுகாப்பா?
*– வேலந்தாவளம்*

இல்லை அம்மா. மகளிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.

மின்னல் உச்சியில் இறங்கினால் அத்தோடு நிற்காது. நனைந்த பாறை முகத்தின் மேலேயே மின்சாரம் கீழ்நோக்கி ஓடும். ஆழமில்லாத குகையின் கூரைக்கும் தரைக்கும் நடுவே ஆள் நின்றால், பாறையைச் சுற்றி ஓடுவதற்குப் பதில் அந்த இடைவெளியை ஆளின் உடல் வழியாகத் தாண்டும். ஓவர்ஹேங் அடியில் முதுகைச் சாய்த்து நிற்பதும் அப்படித்தான். நனைந்த கயிறும் மின்சாரம் கடத்தும். இடுப்பில் உள்ள கராபினர் என்கிற உலோகக் கொக்கியைக் கழற்றி எறிந்தால் மின்னல் வராது என்பதும் தவறு. இரும்பு மின்னலை இழுப்பதில்லை. உயரமும் தனித்து நிற்பதும்தான் இழுக்கின்றன.

எண்ணிப் பழகச் சொல்லுங்கள். மின்னல் வெட்டியதும் எண்ணத் தொடங்கி, இடி கேட்கும்வரை எண்ண வேண்டும். மூன்று வினாடிக்கு ஒரு கிலோமீட்டர். 30 வினாடிக்குள் இடி கேட்டால் அது 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. அப்போதே பாறையை விட்டு வெளியே வந்திருக்க வேண்டும். அப்போது இறங்க ஆரம்பித்தால் தாமதம். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆகும்வரை திரும்பிப் போகக்கூடாது. ஒதுங்க நல்ல இடம் கான்கிரீட் கட்டடம் அல்லது கூரையும் கண்ணாடியும் மூடிய கார், வேன். ஒற்றை மரத்தடி வேண்டாம், தோட்டத்துத் தகரக் கொட்டகையும் வேண்டாம்.

உண்மையான கணக்கு இறங்குவதற்கான நேரத்தில் இருக்கிறது. 25 மீட்டர் சுவரில் ஒருவரை இறக்கி, கருவிகளைக் கழற்றி, கயிறு சுருட்ட 15 நிமிடமாவது ஆகும். ஆறு பேர், இரண்டு கயிறு என்றால் முக்கால் மணி. ஆனால் குளிர்ந்த காற்று குப்பென்று முகத்தில் அடித்த பிறகு மழை வர 10, 20 நிமிடம்தான். எனவே காற்று வந்த பிறகு முடிவெடுக்க நேரமில்லை. துலா (ஐப்பசி) மாதத்திலும் சித்திரையிலும் பெரும்பாலான இடிமழை மதியம் இரண்டுக்கு மேல்தான் வருகிறது. கேரளப் பேரிடர் மேலாண்மை ஆணையமும் மதியம் இரண்டு முதல் இரவு பத்து வரைதான் எச்சரிக்கிறது. அந்த மாதங்களில் பகல் ஒரு மணிக்கு எல்லோரும் தரையில் என்று காலையிலேயே முடிவு செய்துவிட வேண்டும். பதினொரு மணிக்கே மலைமேல் காலிஃபிளவர் போல மேகம் உருண்டு திரண்டு மேல்நோக்கி வளர்ந்தால் அந்த ஒரு மணியும் கிடையாது. துலா மழையில் மேகம் பெரும்பாலும் கிழக்கே, தமிழ்நாட்டுப் பக்கமிருந்து நகர்ந்து வரும். மேற்குச் சுவரில் ஏறிக்கொண்டிருந்தால் பாறை அதை மறைத்துவிடும். ஒருவர் வெட்டவெளியில் நின்று கிழக்கைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

மொபைலில் 'தாமினி' செயலியை வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். சுற்றி 20, 40 கிலோமீட்டருக்குள் மின்னல் விழுவதைக் காட்டும். பாறையடியில் சிக்னல் இல்லாவிட்டால் காதும் கண்ணும்தான் துணை.

மஞ்சள் எச்சரிக்கை நாளில் எங்கள் பகுதியில் ஒரு சொட்டு விழவில்லை. பிறகு ஏன் அதற்குப் பயப்பட வேண்டும்?
*– மீனாட்சிபுரம்*

எச்சரிக்கை மாவட்டம் முழுவதற்கும் கொடுக்கப்படுகிறது. மழைக்கு மஞ்சள் என்றால் 24 மணி நேரத்தில் 64.5 முதல் 115.5 மி.மீ. வரை எங்காவது பெய்யலாம் என்று பொருள். ஆரஞ்சு 204.4 வரை, சிவப்பு அதற்கும் மேல். உங்கள் சித்தூர் தாலுகாவின் கிழக்குப் பாதி மழைமறைவுப் பகுதி. அதே நாளில் நெல்லியாம்பதியில் வெளுத்து வாங்கும். நீங்கள் நிற்கும் இடத்தில் காய்ந்திருந்தாலும், போகிற பாறை அந்த மலையின் அடிவாரத்தில் இருந்தால் ஓடையில் திடீரென்று தண்ணீர் இறங்கும். போகும்போது தாண்டிய ஓடையைத் திரும்பும்போது தாண்ட முடியாமல் போவது இப்படித்தான். ஆரஞ்சு என்றால் எந்தப் பக்கம் என்று யோசிக்காதீர்கள், வீட்டில் இருங்கள். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை வரும் உடனடி முன்னறிவிப்புதான் பாறையேறுபவருக்கு அதிகம் பயன்படும்.

தை மாதம் மழை இல்லை, வெயிலும் இதம். ஆனால் காற்று ஆளைத் தள்ளுகிறது. எவ்வளவு காற்று வரை ஏறலாம்?
*– வாளையாறு*

நீங்கள் இருப்பது கணவாயின் வாசற்படியில். இரண்டு பக்கமும் மலைச்சுவர், நடுவில் 30 கிலோமீட்டருக்கு மேல் திறந்த வாசல். மார்கழி, தையில் கிழக்கிலிருந்தும், வைகாசி முதல் ஆவணி வரை மேற்கிலிருந்தும் காற்று இந்த வாசல் வழியாகத்தான் நுழைகிறது. குறுகுகிற இடத்தில் வேகம் கூடும். குன்றின் மூலையிலும் உச்சி விளிம்பிலும் இன்னும் கூடும். அடிவாரத்தில் சட்டை படபடப்பதை வைத்து உச்சியைக் கணக்கிட முடியாது.

மரத்தைப் பாருங்கள். இலையும் சிறு குச்சியும் விடாமல் ஆடினால் பரவாயில்லை. சின்ன மரங்கள் முழுதாகச் சாய்ந்து ஆடத் தொடங்கினால் மணிக்கு 30 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. புதிதாகப் பழகுகிறவர்கள் அங்கே நிறுத்துங்கள். பெரிய கிளைகள் அசைந்து, கரண்ட் கம்பி விசில் அடித்து, குடை பிடிக்க முடியாமல் போனால் 40-ஐத் தொட்டுவிட்டது. யாரும் முதல் ஆளாகக் கயிற்றை மேலே எடுத்துப் போக வேண்டாம். பனைமரங்கள் நிறைந்த ஊர்க்காரர்களுக்கு இன்னொரு அளவுகோல் உண்டு: காய்ந்த மட்டைகள் விட்டுவிட்டு உரசினால் காற்று வீச்சு வீச்சாக அடிக்கிறது என்று பொருள். சீரான காற்றைவிட இந்த விட்டுவிட்டு அடிக்கிற காற்றுதான் ஒற்றைக் காலில் நிற்பவரைப் பிடுங்கும். செயலியில் பார்க்கும்போதும் சராசரி வேகத்தை விட்டுவிட்டு, வீச்சுக் காற்றின் வேகத்தைப் பாருங்கள்.

காற்றில் முதலில் கெடுவது பேச்சு. 20 மீட்டர் மேலே இருப்பவர் 'கயிறு விடு' என்றாரா 'இழு' என்றாரா என்று கீழே கேட்காது. கயிற்றை இத்தனை முறை இழுத்தால் இன்ன பொருள் என்று பேசிவைப்பது நல்லதுதான், ஆனால் சாதாரண இழுப்போடு குழம்பும். காற்று நாளில் பிலே பிடிப்பவரின் (கீழே நின்று கயிற்றைப் பிடித்து ஏறுபவரைக் காப்பவரின்) கண்ணுக்கு ஏறுபவர் கடைசிவரை தெரிகிற வழியை மட்டும் எடுங்கள். இறங்கும்போது கயிற்றைச் சுருட்டி வீசாதீர்கள். பக்கவாட்டில் பறந்துபோய் முட்செடியிலோ வெடிப்பிலோ மாட்டிக்கொள்ளும். கயிற்றைப் பைக்குள் அடுக்கி, இடுப்பில் மாட்டி, இறங்க இறங்க வெளியே விடுங்கள். கயிற்று நுனியில் முடிச்சு கட்டாயம்.

மாசி, பங்குனியில் இந்தக் காற்றோடு காய்ந்த புல்லும் சேரும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போன 20-க்கும் மேற்பட்டோர் காட்டுத்தீயில் இறந்தார்கள். சரிவில் மேல்நோக்கிப் பாயும் தீயை ஓடி ஜெயிக்க முடியாது. புகை வாசனை வந்தால், தூரத்தில்தானே என்று நினைக்காமல் கிளம்பிவிடுங்கள்.

பிடித்த கல் கையோடு வந்துவிட்டது. நல்லவேளை, நான் தரையிலிருந்து நாலடிதான். உறுதியான பாறை எது, பொய்ப் பாறை எது என்று தொடாமலே தெரியுமா?
*– முதலமடை*

பாதி தெரியும், மீதிக்குத் தொட்டுத்தான் ஆக வேண்டும்.

தொடுவதற்கு முன், 50 மீட்டர் தள்ளி நின்று சுவர் முழுவதையும் பாருங்கள். பழைய பாறை முகம் சாம்பலாக, பாசியும் பூஞ்சைப் படலமும் படிந்து இருக்கும். நடுவில் ஓரிடம் மட்டும் வெளுப்பாக, உப்புக்கட்டியை வெட்டிய மாதிரி பளிச்சென்று தெரிந்தால், அண்மையில் அங்கிருந்து கல் பெயர்ந்திருக்கிறது. அதற்கு நேர் கீழே தரையைப் பாருங்கள். கூரான விளிம்புள்ள புதுக் கற்களும் அவற்றின் அடியில் நசுங்கிய பச்சை இலையும் இருந்தால் இந்த வாரக் கதை. ஆலோ இச்சியோ வெடிப்பில் வேர்விட்டு ஒரு பாளத்தைத் தள்ளிக்கொண்டிருந்தால் அதன் வழியிலும் அடியிலும் நிற்க வேண்டாம். மழைக்காலம் முடிந்த முதல் மாதத்தில் இப்படிப்பட்ட பாளங்கள்தான் முதலில் விழும். மண் கரைந்து வேர் மட்டும் பிடித்துக்கொண்டிருக்கும்.

இனித் தொடுவது. நம் குன்றுகளில் பாறை வெங்காயத் தோல்போலப் படலம் படலமாகப் பெயரும். பகலில் சூடேறி விரிந்து இரவில் சுருங்குவது அதற்கு ஒரு காரணம். அமெரிக்காவில் யோசெமிட்டி பள்ளத்தாக்கில் ஒரு பெரிய பொருக்கை (சுவரிலிருந்து பாதி பெயர்ந்து நிற்கும் பாறைப் படலத்தை) மூன்றரை ஆண்டு அளந்து பார்த்தபோது, வெயிலுக்கு அது சுவரிலிருந்து ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வரை விலகி, இரவில் திரும்புவதைக் கண்டார்கள். ஆகவே காலையில் கெட்டியாக இருந்த பொருக்கு மதியமும் அப்படியே இருக்கும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பொருக்கைச் சோதிக்க, உள்ளங்கையின் அடிப்பகுதியால் தட்டுங்கள். உறுதியான பாறை கையை வலிக்க வைக்கும், சத்தம் வராது. பொய்ப் பாறை காலிக் குடத்தைத் தட்டினாற்போல் 'டொப்' என்று கேட்கும். சந்தேகமாக இருந்தால் இன்னொரு கையை இரண்டு சாண் தள்ளி வைத்துக்கொண்டு தட்டுங்கள். அந்தக் கையில் அதிர்வு தெரிந்தால் உள்ளே காற்று இருக்கிறது. அடுத்து கட்டைவிரலால் விளிம்பைத் தேய்த்துப் பாருங்கள். வெல்லக்கட்டியைச் சுரண்டினாற்போல் மணி மணியாக உதிர்ந்தால் பாறை மக்கியிருக்கிறது. அதில் சின்னப் படிகளை நம்பக்கூடாது, கயிற்றுப் பிடிமானமும் அமைக்கக்கூடாது.

சந்தேகமான கல்லைத் தவிர்க்கவே முடியாவிட்டால் கீழ்நோக்கி மட்டும் அழுத்தம் கொடுங்கள், வெளிப்பக்கம் இழுக்காதீர்கள். கை வேர்க்காமலிருக்கப் பூசும் சாக் பொடியால் அதன்மேல் பெருக்கல் குறி போடுங்கள். பின்னால் வருகிறவருக்கு அது புரியும். கல் விழுந்தால் 'கல்லு' என்று ஒரே சொல்லில் கத்துங்கள். 20 மீட்டரிலிருந்து விழும் கல் தரையைத் தொட இரண்டு வினாடிதான், வரும் வேகம் மணிக்கு 70 கிலோமீட்டர். முழு வாக்கியம் சொல்ல நேரமில்லை. கீழே இருப்பவர் அண்ணாந்து பார்க்காமல் சுவரோடு ஒட்ட வேண்டும். ஹெல்மெட் ஏறுபவருக்கு மட்டும் என்று நினைக்கிறார்கள். அதிகம் அடிபடுவது கீழே பிலே பிடிப்பவர். காத்திருப்பவர்கள் 25 மீட்டர் சுவருக்கு 15 மீட்டராவது தள்ளி, பக்கவாட்டில் உட்காருங்கள். சாப்பாட்டுப் பையைச் சுவரடியில் வைத்துவிட்டு அதைச் சுற்றி உட்காருவதுதான் குழுக்களின் கெட்ட பழக்கம்.

மழையே இல்லாத மார்கழிக் காலையில் பாறை ஏன் வழுக்குகிறது?
*– கோவிந்தாபுரம்*

பனி. தெளிந்த இரவில் பாறை தன் சூட்டை வானத்துக்கு விட்டுக் குளிர்ந்துவிடும், விடியலில் காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் படியும். கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலம். புறங்கையை வைத்துப் பாருங்கள், உள்ளங்கையைவிட அதற்கு ஈரம் நன்றாகத் தெரியும். அல்லது சாக்கைத் தேய்த்துப் பாருங்கள். வெள்ளையாகவே நின்றால் காய்ந்திருக்கிறது. சாம்பல் நிறமாகி விழுதானால் இன்னும் ஒரு மணி நேரம் காத்திருங்கள். இரவு முழுக்கக் கிழக்குக் காற்று அடித்திருந்தால் பனி படியாது.

சுவரில் மலைத்தேன் கூடு இருக்கிறது. 30 அடி தள்ளி ஏறினால் போதுமா?
*– எலவஞ்சேரி*

போதாது. அந்தச் சுவரையே விட்டுவிடுங்கள். பாறைத்தேனீ விரட்ட ஆரம்பித்தால் நூறு மீட்டருக்கு மேலும் துரத்தும். கயிற்றில் தொங்குகிறவருக்கு ஓட வழியில்லை. வெயில் ஏறியதும் பருந்து வந்து கூட்டைக் கொத்தினாலோ, மேலே யாராவது புகை போட்டாலோ, கல் பட்டாலோ மொத்தக் கூட்டமும் கிளம்பும். நீங்கள் ஒன்றும் செய்யாவிட்டாலும் அடி உங்களுக்குத்தான்.

கூடு மேலே ஓவர்ஹேங்கின் உட்புறம் இருப்பதால் அடியிலிருந்து தெரியாமல் போகலாம். பக்கவாட்டில் நடந்து, இரண்டு கோணத்திலிருந்து பாருங்கள். கறுப்பாக அரைவட்டமாகத் தொங்கினால் கூடு. கூடு இல்லாமல் மெழுகுக் கறை மட்டும் இருந்தால் பழைய இடம். தேனீக்கள் அதே இடத்துக்குத் திரும்பி வருவது வழக்கம், ஆகவே ஒவ்வொரு முறையும் புதிதாகப் பாருங்கள். போன மாதம் இல்லை என்பது கணக்கில்லை. சென்ட், வாசனைத் தலையெண்ணெய் வேண்டாம்.

கொட்டினால் கையை வீசாமல் முகத்தை மூடிக்கொண்டு ஓடுங்கள், தண்ணீருக்குள் குதிக்காதீர்கள், மேலேயே சுற்றிக்கொண்டிருக்கும். கொடுக்கை எப்படி எடுப்பது என்று யோசிக்காமல் எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் நகத்தால் வழித்துவிடுங்கள். உதடு வீங்கினாலோ, மூச்சு இழுத்தாலோ, உடம்பெங்கும் தடித்தாலோ ஒரு நிமிடமும் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

படாமிக்குப் போகிறோம். அங்கேயும் இதே கணக்குதானா?
*– கோபாலபுரம்*

இல்லை. கர்நாடகத்துப் படாமியில் பாறை மணற்கல். மணற்கல் தண்ணீர் குடிக்கும், குடித்தால் உள்பலம் குறையும். மேல்பாகம் காய்ந்து தெரிந்தாலும் உள்ளே ஈரமிருக்கையில் பிடி உடைந்துவிடும். மழைக்குப் பிறகு இரண்டு மூன்று நாள் விடுங்கள். சுவரடி மண்ணை விரலால் தோண்டிப் பாருங்கள். ஒரு விரல் ஆழத்தில் ஈரமிருந்தால் பாறையிலும் ஈரமிருக்கிறது. நம் ஊர் நைஸில் ஈரம் வழுக்கலைத்தான் தரும். அங்கே உங்களோடு பாறையும் சேதமாகும், உடைந்த பிடி திரும்ப முளைக்காது.

மலம்புழை குறும்பாச்சி மலையில் இளைஞர் மாட்டிக்கொண்ட செய்தியை மறக்க முடியவில்லை. அங்கே தவறியது என்ன? அனுமதி எப்படி?
*– கஞ்சிக்கோடு*

2022 பிப்ரவரியில் நடந்தது. இறங்கும்போது வழுக்கி, செங்குத்து முகத்தில் ஒரு இடுக்கில் மாட்டிக்கொண்டவர் 40 மணி நேரத்துக்கு மேல் அங்கேயே இருந்தார். ஹெலிகாப்டர் முயற்சி பலிக்கவில்லை. ராணுவ வீரர்கள் கயிற்றில் அவரிடம் சென்று உச்சிக்கு ஏற்றினார்கள். மழையில்லாத மாதம், காய்ந்த பாறை. அப்படிப்பட்ட நாளிலும் ஏறிய வழியில் இறங்க முடியாத நிலை வரும். சாய்ந்த பாறையில் ஏறும்போது கண் பிடியைப் பார்க்கும். இறங்கும்போது கால் வைக்குமிடம் தெரியாது. கயிறில்லாமல் ஏறுகிற எவரும் பத்தடி ஏறியதும் நின்று, ஐந்தடி இறங்கிப் பார்க்க வேண்டும். இறங்க வரவில்லை என்றால் அதற்கு மேல் போகக்கூடாது.

ஒதுக்குக் காட்டில் வனத்துறை அனுமதியின்றி நுழைவது இரண்டு மாநிலத்திலும் குற்றம். வாளையாறு, கஞ்சிக்கோடு வட்டாரத்தில் யானை நடமாட்டம் அதிகம், காலை மங்கலிலும் மாலையிலும் அடிவாரப் பாதையில் நடக்காதீர்கள். இதனால் கோடையில் ஆறரை மணி என்று முன்னே சொன்ன நேரம் காட்டோரப் பாறைக்குப் பொருந்தாது. விடிந்து வெளிச்சம் வந்த பிறகே நடங்கள், ஏறும் நேரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். கிளம்புமுன் எந்தப் பாறை, எத்தனை பேர், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வீட்டில் எழுதிக் கொடுங்கள். அவசரத்துக்கு 112, மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077.

கயிறு மாட்டப் பாறையில் பதித்திருக்கும் பழைய போல்ட்டுகளை மழைக்காலம் கழிந்து நம்பலாமா?
*– கொல்லங்கோடு*

ஒவ்வொன்றையும் பார்க்காமல் நம்பக்கூடாது. போல்ட்டுக்குக் கீழே பாறையில் துருக் கறை ஒழுகியிருந்தால் உள்ளே தின்றிருக்கிறது. தகட்டை விரலால் திருப்புங்கள். சுற்றினால் நட்டு தளர்ந்திருக்கலாம், அல்லது போல்ட்டே துளையில் ஆடலாம். நட்டை இறுக்கியும் ஆடினால் அதில் பாரம் போடாதீர்கள். போல்ட் நன்றாக இருந்தும் அது பதிந்த பாறை 'டொப்' என்றால் பயனில்லை, சுற்றி ஓரடி தட்டிப் பாருங்கள். உச்சிப் பிடிமானம் எப்போதும் இரண்டு தனித்தனி இடத்தில் இருக்க வேண்டும்.

கயிறு மழையில் நனைந்துவிட்டது. அன்றைக்கே பயன்படுத்தலாமா? எப்படிக் காய வைப்பது?
*– வண்டித்தாவளம்*

வேண்டாம். நைலான் நனைந்தால் திரும்பத் திரும்ப விழுவதைத் தாங்கும் திறன் பாதிக்கும் கீழே போய்விடும், பிலே கருவியிலும் வழுக்கி ஓடும். வீட்டில் சேறு இருந்தால் வெறும் தண்ணீரில் அலசி, நிழலில், காற்றோட்டமான அறையில், சுருட்டாமல் தளர்த்தியாகக் கொடியில் போடுங்கள். ஆணியில் மடக்கித் தொங்கவிடாதீர்கள். வெயிலிலும் அடுப்பருகிலும் காட்டாதீர்கள், வெயில் நைலானை அரிக்கும். நம் ஊர் மழைக்காலத்தில் 60 மீட்டர் கயிறு உள்நூல்வரை காய மூன்று நாள் ஆகும். கையால் ஒவ்வொரு அடியாகத் தடவிக்கொண்டே வந்து, எங்காவது கெட்டியாகவோ தொளதொளவென்றோ தட்டையாகவோ பட்டால் அந்தக் கயிற்றை ஏறுவதற்கு எடுக்காதீர்கள்.